வீதியும் ஒரு வீடே!

முன்னுரை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த ஆண்டுதான் நாங்கள் அறிந்துகொண்டோம்.

சமூக அறிவியல் பாடத்திற்காக, நகரங்களின் பழைய பகுதிகளுக்கு மீண்டும் உயிரூட்டுவது எப்படி என்ற தலைப்பில் ஒரு கட்டுரை தயாரிக்குமாறு எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர் பணித்தார்கள். நாங்கள் ஆறு பேர் ஒரு குழு. உடனே நூலகத்திற்கு ஓடி, வெளிநாட்டு நகரங்களின் படங்கள் உள்ள புத்தகங்களைத் தேடி எடுத்தோம். சிஸ்டர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல படங்கள்தாம். ஆனால் நீங்கள் தினமும் நடந்து வரும் வீதியில் எத்தனை வீடுகளுக்குத் திண்ணை இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார்கள். எங்களில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது சற்று வெட்கமாகவே இருந்தது.

அன்று மாலையே இன்னொரு செய்தியும் தெரிய வந்தது. எங்கள் குழுவில் உள்ள தோழி ஒருத்தியின் ஆயா வீடு, வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் இருக்கிறது. அந்த வீட்டில் ஐந்து பேருக்குப் பங்கு உண்டு. ஒருவர் பாரீசில் இருக்கிறார். பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று பேச்சு நடக்கிறதாம். ஆகவே, மதிப்பெண்ணுக்காகத் தொடங்கிய எங்கள் ஆராய்ச்சி, ஒரு வீட்டைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. நாங்கள் கண்டதையும் கேட்டதையும் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றுக்கு வழிவிட்ட ஊர்

புதுச்சேரியின் வீதிகள் சதுரங்கப் பலகையைப் போல நேர்கோடுகளில் அமைந்தவை. இதைப் பிரெஞ்சுக்காரர்கள் செய்தார்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் 1693 முதல் 1699 வரை இவ்வூர் டச்சுக்காரர்கள் வசம் இருந்தது. அவர்கள் 1694இல் வரைந்த திட்டத்திலேயே இந்தக் கட்டங்கள் காணப்படுகின்றன. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் பழைய வீதிகளின் வழியிலேயே ஊரைத் திரும்பக் கட்டினர்.

இந்த அமைப்பினால் நமக்கு என்ன பயன்? கிழக்கு மேற்காகச் செல்லும் வீதிகள் நேராகக் கடலை நோக்கித் திறந்திருக்கின்றன. பிற்பகலில் கடற்காற்று எழும்போது, அது இந்த வீதிகளின் வழியே ஊருக்குள் புகுந்து செல்கிறது. நகரத்தை வடிவமைப்பது என்றால் பெரிய கட்டடங்களை எழுப்புவது என்று நினைக்கிறோம். காற்றுக்கு வழிவிடுவதும் நகர வடிவமைப்பே அன்றோ!

திண்ணை, தாழ்வாரம், முற்றம்

ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஆயா வீட்டிற்குச் சென்றோம். வெளியே தார்ச்சாலை கொதித்தது. வாசலில் மரத்தூண்கள் தாங்கும் சரிவான ஓட்டுக் கூரை வீதியை நோக்கி இறங்கியிருந்தது. இதைத் தாழ்வாரம் என்கிறார்கள். அதன் கீழே நுழைந்தவுடனேயே கண் கூச்சம் நின்றது. அடுத்து, கதவின் இருபுறமும் திண்ணை. அதற்குப் பின் வேலைப்பாடு மிகுந்த மரக்கதவு. உள்ளே நடுவில் வானம் பார்த்த முற்றம்.

வெயில் வீட்டிற்குள் வருவதற்கு முன்பே படிப்படியாகத் தடுக்கப்படுகிறது என்பதை அங்கே கண்டோம். முற்றத்தில் சூடான காற்று மேலே எழுந்து வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப வாசல் வழியாகவும் சன்னல் வழியாகவும் காற்று உள்ளே வருகிறது. சுவர்கள் தடிமனானவை. பகல் வெப்பம் அவற்றைக் கடந்து உள்ளே வர நெடுநேரம் ஆகிறது. மேலும், பக்கத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பக்கச் சுவர்களில் வெயிலே படுவதில்லை. கூரையும் முகப்பும் மட்டுமே வெயிலைத் தாங்குகின்றன.

பிறகு அதே வீதியின் கோடியில் உள்ள புதிய கட்டடத்தின் மேல்மாடிக்குச் சென்றோம். எங்களில் மற்றொருத்தியின் வீடு அது. அங்கே மின்விசிறி சுற்றியும் எங்களால் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை எங்கள் தலைமேல் இறக்கிக்கொண்டிருந்தது. குளிர்சாதனத்தைப் போட்டால் அறை குளிரும். ஆனால் அறையின் வெப்பம் பின்பக்கமாக வீதிக்குத்தான் தள்ளப்படுகிறது. ஒரு வீடு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள, வீதி சூடாகிறது!

திண்ணைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது வீட்டைச் சேர்ந்ததா, வீதியைச் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கீரை விற்பவர் கூடையை இறக்கி வைப்பது அங்கேதான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குவதும் அங்கேதான். திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வீதியில் இரவு எட்டு மணிக்குத் தனியாக நடந்து வர எங்களுக்குப் பயமில்லை. உயர்ந்த மதிற்சுவரும் பூட்டிய இரும்புக் கதவும் உள்ள வீதியில் எங்கள் நடை தானாகவே வேகமாகிவிடுகிறது. பெண் பிள்ளைகளாகிய நமக்கு இது சிறிய விஷயம் அல்ல.

சுண்ணாம்பின் பெருமை

ஆயா வீட்டின் கூரையைப் பார்க்க ஒரு வயதான மேஸ்திரி வந்திருந்தார். எங்களையும் மாடிக்கு அழைத்துச் சென்றார். அந்தக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்கு உத்தரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்போடு சேர்ப்பதும் வழக்கம். நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காணும் கப்ஸ் கோயில் 1855இல் கட்டப்பட்டது. அதன் உட்சுவர்களில் வழவழப்பாக மின்னுவதும் இதே சுண்ணாம்பின் பூச்சுதான்.

இதில் வேதியியலும் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுட ஏறக்குறைய 900 டிகிரி வெப்பம் போதும். சிமெண்டிற்கு 1,450 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும். இரண்டிலும் கல் சுடப்படும்போது கார்பன்-டை-ஆக்சைடு வெளிப்படுகிறது. ஆனால் சுண்ணாம்புச் சாந்து சுவரில் காய்ந்து இறுகும்போது, காற்றிலிருந்து அந்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கார்பன்-டை-ஆக்சைடில் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், பழைய வீடு ஒன்றை இடிக்காமல் வைத்திருப்பதே ஒரு நன்மை என்பது விளங்கும். அதன் செங்கல்லைச் சுட்ட விறகும், மரத்தை இழைத்த உழைப்பும் எப்போதோ செலவாகிவிட்டன. இடித்தால் அவை வீண். புதிதாகக் கட்ட மீண்டும் செலவு.

ஆயா வீட்டின் ஒரு சுவரில் மட்டும் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் சிமெண்டு பூசினார்களாம். "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் பாப்பா. அதும்மேல சிமெண்டைப் பூசினா வாயைப் பொத்தின மாதிரி" என்றார் மேஸ்திரி. சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியே ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது; உப்பு பூத்துச் செங்கல்லை அரிக்கிறது. கெடுக்க வேண்டும் என்று யாரும் பூசவில்லை. நல்லது செய்வதாக நினைத்தே பூசினார்கள். பழைய வீட்டிற்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

வைசியாள் வீதி கற்பித்த பாடம்

ஒரு வீட்டைக் காப்பாற்றலாம். ஒரு வீதி முழுவதையும் காப்பாற்ற முடியுமா? முடியும் என்று நம் ஊரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கலவை சுப்பராய செட்டி வீதி என்றும் வழங்கும் வைசியாள் வீதியே அது.

2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்னும் திட்டத்தின்கீழ் இப்பணி நடைபெற்றது. புதுச்சேரி நகராட்சியுடன் இத்தாலியின் உர்பினோ நகரமும், பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரமும் கைகோத்தன. பழமை வாய்ந்த கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வேலைகளை வழிநடத்தியது. வீதியோர முகப்புகள் பழுது பார்க்கப்பட்டன. காலப்போக்கில் மறைந்துபோன தாழ்வாரங்களும் திண்ணைகளும் பழைய முறையிலேயே மீண்டும் எழுந்தன. செலவில் ஒரு பங்கைத் திட்டமும், ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் ஏற்றனர். 2008இல் யுனெஸ்கோ வழங்கிய ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இவ்வீதியும் இடம் பெற்றது.

நாங்கள் அந்த வீதியில் இருமுறை நடந்தோம். கீழ்த்தளம் தமிழ் முறையில் திண்ணையும் மரத்தூணுமாகவும், மேல்தளம் பிரெஞ்சு முறையில் வளைவுச் சன்னல்களுமாகவும் உள்ள வீடுகளைக் கண்டோம். இரு நாட்டுக் கைத்திறனும் ஒரே சுவரில் சண்டையின்றிக் குடியிருக்கின்றன. அங்கே அரண்மனை எதுவும் இல்லை. தனித்தனியே பார்த்தால் அவை சாதாரண வீடுகள்; வரிசையாகப் பார்த்தால்தான் அழகு தெரிகிறது. நடுவில் ஒன்றை இடித்தால், பல் விழுந்த வாய் போல ஆகிவிடும். இதிலிருந்து நாங்கள் கற்ற பாடம் இதுவே: வீட்டுக்காரருக்குக் "காப்பாற்று" என்று கட்டளையிட்டால் போதாது, காப்பாற்றும் செலவிலும் கை கொடுக்க வேண்டும்.

மேரி கட்டடம் தந்த எச்சரிக்கை

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நகரமன்றம். 2014 நவம்பர் 29 அன்று, கனமழையில் அது இடிந்து விழுந்தது. எதிரியின் பீரங்கியோ பூகம்பமோ அதை வீழ்த்தவில்லை. பல ஆண்டுகள் சரிவரப் பராமரிக்கப்படாமல் இருந்ததே அதன் பலவீனம். பின்னர் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021இல் திறந்து வைத்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆயினும் நூற்றாண்டைக் கடந்த அந்தச் செங்கல்லும் உத்தரமும் திரும்பி வரவில்லை. கூரையில் ஓர் அரசங்கன்று முளைக்கும்போதே பிடுங்கி எறிய ஒரு நிமிடம் போதும். அதன் வேர் சுவரைப் பிளந்த பிறகு எவ்வளவு செலவழித்தாலும் போதாது.

பழமை மட்டும்தானா?

"அப்படியானால் எல்லாரும் பழைய வீட்டிலேயே இருக்க வேண்டுமா?" என்று தோழியர் கேட்கலாம். இல்லை. அதற்கும் நம் ஊரிலேயே விடை உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா என்னும் தங்குமிடம் 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். ஜார்ஜ் நாகாஷிமா உடனிருந்து பணியாற்றினார். அது சுண்ணாம்புக் கட்டடம் அல்ல, முழுக் கான்கிரீட் கட்டடம். ஆனால் அதன் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியுள்ளன. சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கிடைப்பலகைகள் வரிசையாக உள்ளன. வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுபவை அவை. கூரை இரண்டடுக்கு, இடையே காற்று உலவுகிறது. குளிர்சாதனம் இல்லாமலே அறைகள் குளிர்ச்சியாக இருக்கின்றன. ஆகவே குற்றம் கான்கிரீட்டில் மட்டும் இல்லை. சூரியன் எங்கே உதிக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பாராமல் கட்டுவதே குற்றம்.

அதுபோலவே, வீதிக்கு உயிரூட்ட எப்போதும் கட்டடம்தான் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்கள் செல்ல அனுமதி இல்லை. அந்நேரம் ஊரே அங்கு கூடுகிறது. தாத்தாக்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். எந்தக் கட்டடமும் எழுப்பாமலே அந்தச் சாலை மக்களின் முற்றமாகிவிட்டது.

ஆயாவின் கேள்வி

இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டு, பெரிய அறிவாளிகள் போல மறுபடியும் ஆயாவிடம் சென்றோம். "ஆயா, இந்த வீட்டை இடிக்கவே கூடாது" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஆயா பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, "வீடு அழகுதான் கண்ணுங்களா. மழை பேஞ்சா நாலு இடத்துல குண்டான் வெக்கிறேன். ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தோட்டத்துல இருக்கிற கக்கூசுக்கு நனைஞ்சிக்கிட்டுப் போறேன். அதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன எழுதியிருக்கு?" என்றார்கள்.

நாங்கள் வாயடைத்துப் போனோம். எங்கள் குறிப்பேட்டில் முகப்பு இருந்தது, தூண் இருந்தது, வேலைப்பாடு இருந்தது. அந்த வீட்டில் வாழும் எழுபத்தெட்டு வயது முதியவரின் முழங்கால் வலி இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பழைய வீடுகள் சில அழகிய விடுதிகளாக மாறியுள்ளன. வீடுகள் பிழைத்தன, மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வேறெங்கோ போய்விட்டன. சில திண்ணைகளுக்குக் கம்பி அடைத்துவிட்டார்கள். எல்லா வீடும் விடுதியாகி, எல்லாத் திண்ணையும் அடைபட்டால், படம் எடுக்க வீதி இருக்கும். கீரைக்காரர் கூடையை இறக்க இடம் இருக்காது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் சௌகரியமாகத் தொடர்ந்து வாழ முடிந்தால்தான் ஒரு வீதிக்கு உயிர் வந்தது என்று சொல்லலாம் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

ஆகவே எங்கள் பட்டியலைத் திருத்தி எழுதினோம். முதலில் கூரை ஒழுக்கு, இரண்டாவது வீட்டிற்குள்ளேயே ஒரு கழிவறை, மூன்றாவதுதான் முகப்பு. மேஸ்திரியிடம் கேட்டு வேலையின் விவரத்தைத் தெளிவாக எழுதித் தோழியிடம் கொடுத்தோம். அதை அவள் அப்பா பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்பி வைத்தார். பாரீசில் இருக்கும் பெரியப்பா தொலைபேசியில் ஆயாவோடு நெடுநேரம் பேசினாராம். மழைக்காலத்திற்கு முன் கூரையைச் சரி செய்வது, இடிப்பதா வேண்டாமா என்பதைப் பொங்கலுக்குப் பிறகு எல்லாரும் கூடிப் பேசுவது என்று முடிவாயிற்று. வீடு நிலைக்குமா என்பது இன்னும் தெரியாது. ஆனால் இந்த ஐப்பசியில் ஆயா குண்டான் வைக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

தோழியரே! நாம் பொறியாளர்கள் அல்லர். நம்மிடம் பணமும் இல்லை. எனினும் சில காரியங்கள் நம்மால் ஆகும்.

1. மழைக்கு முன் மொட்டை மாடியின் தண்ணீர்க் குழாய்களை அடைத்திருக்கும் சருகுகளை அகற்றச் சொல்லலாம்.

2. சுவரிலும் கூரையிலும் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பெரியவர்களிடம் காட்டலாம்.

3. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியைக் கேட்குமாறு வீட்டில் சொல்லலாம்.

4. புது வீடு கட்டுபவர்களிடம், மேற்குச் சுவருக்கு நிழலும், காற்று நுழைய ஒரு வழியும், அது வெளியேற ஒரு வழியும் விடச் சொல்லலாம். முடிந்தால், வாசலில் நாலு பேர் உட்கார ஒரு திண்ணையும்!

5. நம் வீதியில் உள்ள முதியவர்களிடம் அவர்கள் வீட்டின் கதையைக் கேட்டு எழுதி வைக்கலாம். முதலில் அவர்களுடைய சிரமத்தைக் கேட்க வேண்டும்.

முடிவுரை

காற்றும் நிழலும் வெளிச்சமும் இறைவன் எல்லாருக்கும் பொதுவாகத் தந்தவை. நம் முன்னோர் அவற்றை வீட்டிற்குள் அழைத்ததோடு நிற்காமல், வீதியில் போகிறவருக்கும் ஒரு பங்கைத் திண்ணையாக ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பங்கை நாம் பூட்டிவிடாமல் அடுத்தவருக்குக் கொடுத்துச் செல்வோமாக.

கடைசியாக ஒரு செய்தி. சிஸ்டர் கேட்ட கேள்விக்கு இப்போது எங்களுக்கு விடை தெரியும். நாங்கள் தினமும் நடந்து வரும் வீதியில் திண்ணை உள்ள வீடுகள் பதினொன்று. அடுத்த ஆண்டு இம்மலரைப் படிப்பவர்கள் தயவுசெய்து மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி